பலகையில் எழுதிய நம்பர்

நெவில் பெடோஸ் செய்கிற வேலையில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆளிடம்தான் கண்டுபிடிப்பார்கள். ஓய்வுபெறும் வரை, கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்குப் பரீட்சை வைக்கிற அதிகாரியாக இருந்தவர். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை ஃபெயிலாக்கிய புண்ணியவான். டில்வின் ப்ரோபர்ட்டின் மனைவியை மட்டும் இரண்டு தடவை. அதே டில்வினோடு பாதிப் பாதி பங்கு போட்டுத்தான் இருவர் உட்காரக்கூடிய ஒரு பழைய செஸ்னா விமானத்தை வைத்திருந்தார். இந்த இரண்டு பேரும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பது ஹாப்லி விமானத் திடலில் யாருக்கும் விளங்காத விஷயம்.

டில்வின் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூறியே காலம் தள்ளியவர். அவர் ரகசியம் பேசினால்கூட அடுத்த வயலில் மேய்கிற ஆடு நிமிர்ந்து பார்க்கும். நெவில் பறக்கப் போகும்போதெல்லாம் தேநீர்க் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, காதில் விழுகிற மாதிரியே சொல்வார்.

"பாருங்கப்பா, நம்ம ஆளு விமானத்துக்குப் பரீட்சை வெக்கிறாரு. பாவம், அது இன்னைக்காவது பாஸாவுதான்னு பாப்போம்."

நெவில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அன்று, அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஏணி போட்டு ஏறி, இறக்கையிலிருக்கிற டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். மீட்டர் காட்டுவதை அவர் நம்பமாட்டார். அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். விமானத்தின் மூக்கிலிருக்கிற விசிறியின் விளிம்பை விரலால் தடவிக் கல்லடி பட்டிருக்கிறதா என்று பார்த்தார். டயரை உதைத்தார். எல்லாம் முடிந்த பிறகு கொட்டகைக்குள் போய்ச் சாக்பீஸை எடுத்தார்.

அங்கேதான் அவர் பொய் எழுதினார்.

ஹாப்லி வெறும் புல்தரை. கண்காணிப்புக் கோபுரமோ சம்பளம் வாங்குகிற ஆளோ அங்கே கிடையாது. அதனால் திடலுக்கென்று ஒரு வழக்கம். பறக்கிறவர் கரும்பலகையில் தன் பெயரையும் போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் எழுதவேண்டும். கூடவே தன்னுடைய 'தரையாள்' யாரோ அவருடைய போன் நம்பரையும் எழுதவேண்டும். தரையாள் என்றால், இவர் எப்போது வருவார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு கீழே காத்திருக்கிற ஆள். இறங்கியதும் பெயரை அழித்துவிட வேண்டும். கொட்டகையைப் பூட்டுகிறவர் பலகையைப் பார்ப்பார். பெயர் அழியாமல் இருந்தால் தரையாளுக்குப் போன் போடுவார். வழியில் எங்காவது இறங்கிவிட்டதாகத் தகவல் வந்திருந்தால் நல்லது. இல்லையென்றால் தேடச் சொல்லி மீட்புப் படைக்குச் சொல்வார்கள். தரையாள் இல்லாதவன் ஹாப்லியிலிருந்து மேலே கிளம்பக்கூடாது. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

நெவிலின் தரையாள் கிளெனிஸ், அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான். சமையலறை ஜன்னலோரம் போன், பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் கிளெனிஸ். எங்கே இறங்கினாலும் நெவில் முதலில் அவளுக்குத்தான் போன் செய்வார். "இறங்கிட்டேன்" என்பார். "சரி, உருளைக்கிழங்கை அடுப்புல ஏத்தறேன்" என்பாள். பேச்சு அவ்வளவுதான். அதற்கு மேல் பேசிக்கொள்ள இருவருக்கும் ஒன்றும் இருந்ததாக நெவிலுக்குத் தோன்றியதே இல்லை. தப்பு அங்கேதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன பண்ண?

போன வசந்தத்தில் ஒரு காலை, கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியோடு வாசலில் நின்றாள். கத்தவில்லை. அழவும் இல்லை.

"பறக்காதேன்னு உன்னை நான் ஒரு நாளும் சொன்னதில்ல நெவில். இப்பவும் சொல்லல. ஆனா அந்த போன் பக்கத்துல இனிமே என்னால உக்கார முடியாது. என் ஞாயித்துக்கிழமை எல்லாம் அந்த நாற்காலியிலயே போயிடுச்சு" என்றாள்.

கடலோரம் மோர்வாவில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை குட்டி என்று தூது போக யாரும் இல்லை. நெவில் திடலில் மூச்சு விடவில்லை. கிளெனிஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்பார், அது பொய்யும் இல்லை. பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள் என்று டில்வின் வாயில் விழுந்தால் ஆட்டுச் சந்தை முழுக்க ஏலம் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தரையாள் இல்லை என்று தெரிந்தால், உன் தரையாள் யார் என்று கேட்பார்கள். பதிலுக்குச் சொல்ல அவருக்கு ஒரு பெயர்கூட இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறார். அறுபத்து நான்கு வயதில் ஒரு மனிதனுக்கு, நான் வரவில்லையென்றால் தேடு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதனால் பலகையில் எப்போதும் போல வீட்டு நம்பரையே எழுதினார். எடுக்க ஆளில்லாத வீட்டின் நம்பரை. பெட்ரோலில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட விடாத மனிதர் செய்கிற காரியமா இது?

மேலே போனதும் மனசு லேசானது. அது எப்போதும் நடப்பதுதான். சக்கரம் புல்லை விட்டதும் வீடு, காலி நாற்காலி, ஒற்றைத் தட்டு எல்லாம் கீழேயே நின்றுவிடும். வேலிகளும் ஆப்பிள் தோப்புகளும் சுருங்கி, வேல்ஸ் நாட்டு மலைகள் பழுப்பு நிறத்தில் எழுந்து வந்தன. இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. இந்த ஒரு இடத்தில் மட்டும் தனியாக இருப்பது தண்டனையாகத் தெரியாது. விமானத்துக்குள் தனியாக இருப்பதுதானே முறை.

மோர்வாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு புல் ஓடுபாதை உண்டு. ஞாயிறு தோறும் நாலைந்து பேர் பறந்து வந்து, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் டீயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். இதற்காகவா இவ்வளவு பெட்ரோல் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. நெவிலிடம் இருந்தது. இறங்குவதற்கு முன் ஊரைச் சுற்றி வரும்போது, மாதா கோயிலுக்குப் பின்னால் பச்சை வாசல் வைத்த வீட்டின் கூரை தெரியும். கிளெனிஸின் அக்கா வீடு. நடந்தால் கூப்பிடு தூரம். ஒரு நாளும் போனதில்லை. போய் என்ன சொல்வது? இறங்கிவிட்டேன் என்றா?

மாலையில் மலை மேல் மேகம் இறங்கும் என்று காலையிலேயே வானிலை அறிக்கையில் படித்திருந்தார். ஒரு டீயோடு கிளம்பியிருக்க வேண்டும். வேலியோரம் நின்று கடற்கரைச் சாலையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டீ குடித்தார். சிவப்புக் கோட்டு போட்ட ஒருத்தி நாயோடு போனாள். நடை கிளெனிஸ் மாதிரியே இருந்தது. திரும்பியபோது வேறு யாரோ. கிளெனிஸுக்கு நாயே ஆகாது என்பதுகூட அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் முதல் மலைத்தொடரைத் தாண்டியதும் மேகம் தெரிந்தது. அடுத்த மலையின் உச்சியைக் காணவில்லை. யாரோ அழித்துவிட்ட மாதிரி வெறும் சாம்பல் நிறம். நெவில் உடனே திரும்பினார். அதில் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. மலை தெரியவில்லையென்றால் திரும்பு, அவ்வளவுதான். ஆனால் திரும்பிப் பார்த்தால் வந்த வழியும் மூடிக்கொண்டிருந்தது. ஒரு நீளமான பள்ளத்தாக்கில், மேலே மூடி போட்ட பாத்திரத்துக்குள் ஈ சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ரேடியோவில் கூப்பிட்டார். மலைக்கு நடுவே அவ்வளவு தாழ்வாகப் பறக்கிறவன் குரல் யாருக்குக் கேட்கும்? இரைச்சல்தான் வந்தது. கைபேசியிலும் சிக்னல் இல்லை.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததை நெவில் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. மேகத்துக்குள் புகுந்துவிடலாம். அந்தப் பக்கம் ஹாப்லியில் வெளிச்சமாக இருக்கும். இரண்டு மலை, அவ்வளவுதான். தாண்டினால் தாண்டியது. தாண்டாவிட்டால்தான் என்ன? யார் காத்திருக்கிறார்கள்? இத்தனை வருஷம் குச்சி விட்டுப் பார்த்ததும் குப்பியைத் தூக்கிப் பார்த்ததும் அந்த ஜன்னலோர நாற்காலிக்காக என்று நினைத்திருந்தார். நாற்காலி காலி. அப்புறம் யாருக்காக இந்தப் பத்திரம்?

விமானத்தின் மூக்கு மேகத்தின் பக்கம் கொஞ்சம் உயரக்கூட உயர்ந்துவிட்டது.

கை அதைக் கீழே இறக்கியது. அவருடைய கைதான். ஆனாலும் அவரைக் கேட்டு இறக்கியதாகத் தெரியவில்லை. முப்பது வருஷம் அந்தக் கைக்குப் பரீட்சை வைத்து வைத்துப் பழக்கியிருக்கிறாரே, அது அவர் பேச்சையே கேட்கவில்லை. கை இன்ஜினுக்குச் சூடான காற்றை விடுகிற குமிழை இழுத்தது, வேகத்தைக் குறைத்தது. கண் பாட்டுக்கு வயல் தேடியது.

ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேய்ச்சல் நிலம். நீளம் போதும். ஒரு வீட்டுப் புகைபோக்கியிலிருந்து போகிற புகையைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டார். தாழப் பறந்து ஒரு தடவை பார்த்தார். மின்கம்பிக்குக் கம்பம் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா? கம்பம் இல்லை. ஆடுகள் இருந்தன. அவர் சத்தத்துக்கே சிதறி மேல் மூலைக்கு ஓடிவிட்டன. சுற்றி வந்து, இறக்கையின் பின்மடல்களை முழுக்க இறக்கி, எவ்வளவு மெதுவாக வர முடியுமோ அவ்வளவு மெதுவாக வந்து வேலிக்கு மேலே தாண்டினார். சக்கரம் தொட்டது, குதித்தது, மறுபடி தொட்டது. முன்சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் மூக்கைக் குனிந்துகொண்டு நின்றது. விசிறி தரையில் படவில்லை. ஒரு கீறல் இல்லை.

பெட்ரோலை மூடினார், எல்லா ஸ்விட்சையும் அணைத்தார். சத்தம் போனதும் ஆறு ஓடுவது கேட்டது. பரீட்சை பாஸ் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். வேறு யாராவதாக இருந்தால் இப்போது பிழைத்தோம் என்று சந்தோஷப்படுவார்கள். நெவிலுக்கு அழுகைதான் வந்தது. இந்நேரம் கொட்டகையைப் பூட்டப்போகிறவர் பலகையைப் பார்ப்பார். நம்பரைச் சுற்றுவார். காலி வீட்டில் மணி அடிக்கும். கிளெனிஸ் தோட்டத்தில் இருப்பாள், நெவில் எப்போதோ போன் செய்திருப்பார், அவரைவிட ஜாக்கிரதையான ஆள் உண்டா என்று பூட்டிக்கொண்டு போய்விடுவார். மலையில் மோதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எப்போது தேடியிருப்பார்கள்? அடுத்த ஞாயிறு விமானம் தன் முறைக்கு இல்லையே என்று டில்வின் வசைபாடும்போது.

புகை வந்த வீட்டை நோக்கி நடந்தார். பாதி வழியிலேயே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் எதிரே வந்துகொண்டிருந்தாள். நெரிஸ் என்று பெயர். நிலமும் ஆடுகளும் அவளுடையவை.

"கையி காலு நல்லாருக்கா பெரியவரே?" என்றாள். இருக்கிறது என்றார். "அப்ப என் ஆட்டுக்குப் பதில் சொல்லுங்க. பயந்துபோய்க் கிடக்குதுங்க" என்றாள்.

நெவில் நிஜமாகவே ஆடுகளிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் கையில் கொடுத்தாள். பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது, சுவரில் இருக்கிற போன் வேலை செய்யும் என்றாள்.

"முதல்ல வீட்டுக்குச் சொல்லுங்க. காத்துக்கிட்டிருப்பாங்கல்ல?"

"ஆமா, காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார் நெவில்.

ஏன் அப்படிச் சொன்னார்? யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்று பார்த்து நாளை மறக்கப்போகிற பெண்ணிடம்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை. திடலுக்குப் போன் செய்யலாம் என்றால் கொட்டகையில் போன் கிடையாது. மற்றவர்கள் நம்பரெல்லாம் பலகையில்தான் இருக்கிறது, கைபேசியிலும் ஏற்றி வைத்ததில்லை, மனசிலும் இல்லை. மனசில் இருப்பது ஒரே நம்பர்.

நெரிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகிற வழியாகத் தெரியவில்லை. நெவில் எழுந்து போய்த் தன் வீட்டு நம்பரையே சுற்றினார். நாலு தடவை மணி அடிக்கவிட்டு, இறங்கிவிட்டேன், கவலைப்படாதே என்று யாருமில்லாத வீட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நடிப்புத்தானே. ஆறு மாதமாகச் செய்வதுதானே.

மணி அடித்தது. ஜன்னலோரம் அந்த போன் அடிப்பதும், பக்கத்தில் நாற்காலி சும்மா நிற்பதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இறங்கிட்டேன்."

"எங்கய்யா இறங்கின?" என்று போன் கத்தியது.

அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டிருக்கும். நெரிஸ் புருவத்தைத் தூக்கினாள்.

"யோவ் நெவில், நீதானா? பேசுய்யா. உயிரோட இருக்கியா?"

"டில்வின்?" என்றார். "நீ... என் வீட்டுல என்ன பண்ற?"

"என்ன பண்றேனா? கொட்டகைய நான்தான்யா பூட்டினேன். உன் பேரு அழியாம இருந்துச்சு. இந்த நம்பருக்கு அடிச்சேன் அடிச்சேன், யாரும் எடுக்கல. மோர்வாவுக்கு அடிச்சேன், கிளம்பி ரொம்ப நேரம் ஆச்சுன்னுட்டாங்க. மலையப் பாத்தா ஒண்ணுமே தெரியல. மீட்புப் படைக்குச் சொல்லிட்டேன், இனி உன்னைத் தேட வேணாம்னு அவங்களுக்கு வேற சொல்லணும்." மூச்சு வாங்கினார். "கிளெனிஸுக்கு இதையெல்லாம் போன்ல சொல்லக்கூடாதுன்னு நேர்ல வந்தேன். வழி பூரா என்ன சொல்றதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்யா. பின்கதவு சும்மாதான் இருந்துச்சு."

அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டில்வின் பேசாமல் இருந்து நெவில் கேட்டதே கிடையாது. எதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று தெரியும். கழுவி வைத்த ஒற்றைக் கோப்பை. ஆணியில் ஒற்றைக் கோட்டு.

"அவ எங்கய்யா?" என்றார் டில்வின். இவ்வளவு மெதுவாகப் பேச அவருக்கு வரும் என்று ஹாப்லியில் யாருக்கும் தெரியாது.

"போயிட்டா. வசந்தத்துலயே போயிட்டா."

"அப்ப இத்தனை நாளா இந்த நம்பரை யாருக்குய்யா எழுதிக்கிட்டிருந்த?"

நெவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விம்மல் வந்தது, அதை இருமல் ஆக்கப் பார்த்தார், முடியவில்லை.

டில்வின் திட்ட ஆரம்பித்தார். ஏலம் கூறிய வாய் அல்லவா, நிறுத்தாமல் திட்டினார். அறிவிருக்கிறதா என்று கேட்டார். என் மனைவியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்று ஃபெயிலாக்கினாயே, உனக்கு ஒரு போன் நம்பர் எழுதத் தெரியவில்லையா என்று கேட்டார். நடுவில் குரல் ஒரு இடத்தில் உடைந்தது, அதை மறைக்க இன்னும் சத்தமாகத் திட்டினார். கடைசியில் இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

"ஒண்ணும் அவசரமில்ல" என்றார் நெவில்.

"நீ சும்மா இருய்யா. மலை வழி, எப்படியும் இருட்டிடும். நான் வர்ற வரைக்கும் அங்கேயே இரு. நான் வரலன்னா..." என்று ஆரம்பித்த டில்வின் கொஞ்சம் தயங்கினார். "எட்டு மணிக்குள்ள நான் வந்து சேரலன்னா, என் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு. நம்பர் எழுதிக்கோ."

நெவில் சட்டைப் பையைத் தடவினார். காலையில் பலகையில் எழுதிய சாக்பீஸ் துண்டு அங்கேயே இருந்தது. எழுத இடம் தேடினார். நெரிஸ் ஒன்றும் கேட்காமல் அடுப்போரம் கிடந்த ஒரு பலகைத் துண்டை நகர்த்திக் கொடுத்தாள். டில்வின் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, பரீட்சைத்தாளில் எழுதுவது போல அழுத்தமாக எழுதி, ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

போனை வைத்தார்.

"வீட்டுல நல்லாத் திட்டினாங்க போல" என்றாள் நெரிஸ்.

"ஆமா" என்றார் நெவில். "நல்லா."

நாற்காலியை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.